ஆவுடை பேசிய சொற்கள்

ஜூன் 9, திங்கள்

ஆவுடையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து இன்றோடு ஆறு நாள். வலது கையும் வலது காலும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு அறவே இல்லை. மூளையில் ரத்தம் அடைத்ததில் பேசுகிற பகுதி பழுதாகிவிட்டது, நாம் சொல்வது அவளுக்குப் புரியும், பதில்தான் வாய்க்கு வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க கிரேஸ்லின் என்ற பெண் இன்று முதல்முறையாக வந்தாள். வாரம் மூன்று நாள் வருவாள். முப்பது வயதுகூட இருக்காது.

"ஒரு நோட்டுப் போட்டு, அம்மா என்ன வார்த்தை சொல்லுதாங்க, எப்ப சொல்லுதாங்க, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு எழுதி வைங்க சார்" என்றாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் கல்வி உளவியல் நடத்தியவன் நான் என்று சொன்னேன். "அப்ப எனக்கு வேலை சுலபம் சார்" என்று சிரித்தாள். அவள் போனதும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, தூண்டல், அதற்கு வரும் துலங்கல், உடனிருந்தவர்.

துணி துவைக்கும் மிஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் மதுரையில் இருக்கும் மகளுக்கு இரண்டு தடவை போன் செய்தேன்.

ஜூன் 11, புதன்

சாதம் குழைந்துவிட்டது. நோட்டில் எழுத எதுவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று பேசிவிட்டாள்!

காலையில் பேப்பர் படித்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜைமேல் வைத்தேன். அறைக்குள்ளிருந்து, "இந்தா வந்துட்டேன்" என்று ஆவுடையின் குரல். பழைய குரல், தெளிவாக. ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது கையை ஊன்றிக் கட்டிலில் பாதி எழுந்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தேகத்துக்கு மறுபடியும் டம்ளரைத் தட்டிப் பார்த்தேன். "இந்தா வந்துட்டேன்." ஏழு தடவை தட்டினேன். ஏழு தடவையும் சொன்னாள்.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில், இரண்டாவது காபிக்கு நான் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் போதும், அடுக்களையிலிருந்து வந்துவிடுவாள். மணி கேட்டதுமே எச்சில் ஊறும்படி நாயைப் பழக்கிய பாவ்லவின் பாடம் வரும்போது இதை வகுப்பில் சொல்வேன். பாவ்லவின் நாய்க்கு மணி, என் வீட்டில் டம்ளர் என்பேன். வகுப்பே அதிரும். அந்தப் பாடத்தைப் பரீட்சையில் கோட்டை விட்ட மாணவர் ஒருவர்கூட இல்லை.

மதுரைக்கு, மகள் செண்பகாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு, "வேற எதுவும் சொல்லலையாப்பா?" என்றாள்.

ஜூன் 18, புதன்

தினம் ஆறு தடவை பயிற்சி. தட்டுவது, அவள் சொல்வது, சொன்னதும் வாயில் ஒரு துண்டு கல்கண்டு. சரியான துலங்கலுக்கு உடனே வெகுமதி கிடைக்க வேண்டும், தாமதமானால் பயனில்லை.

கிரேஸ்லின் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். என்னைக் கூடத்துக்கு அழைத்து வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது பேச்சு இல்ல. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுத மாதிரி, வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிப் பதிஞ்சது. மூளை அடிபட்டாலும் அது தானா வரும். அம்மாவா யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லணும், அதுதான் நமக்கு வேணும். அந்தச் சத்தம் வேண்டாம் சார். கேட்டதும் எந்திரிக்கப் பாக்குதாங்க, விழுந்திருவாங்க."

சின்னப் பெண். அனுபவம் போதாது. வார்த்தை வந்தால் வார்த்தைதானே.

ஜூன் 23, திங்கள்

இரண்டு வார நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கிரேஸ்லின் இருந்த நேரங்களில் பதினொரு சொற்கள்: தண்ணி, உப்பு, பூ, செண்பகா, வலி, ஜன்னல் இப்படி. அவள் குறித்துக் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறேன். போனில் மகளோடு நான்கு. நான் மட்டும் இருந்தபோது அந்த ஒரே வாக்கியம்.

என்னிடம் பேச அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். சொல் திக்குவதைக் கணவன் பார்ப்பது சங்கடம்தானே.

கிரேஸ்லின் நோட்டைக் கேட்டாள். நல்ல பிரதி எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

பழைய மாணவி இசக்கியம்மாள் ஆவுடையைப் பார்க்க வந்தாள். இப்போது ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா, உங்கள நேர்ல இப்பதான் பாக்கேன். ஆனா நல்லாத் தெரியும். சார் கிளாஸ்ல சொல்லுவாங்கள்லா, டம்ளர் வச்சா நீங்க ஓடி வருவியன்னு! அந்த நாய் பாடம்! நாங்க அப்படிச் சிரிப்போம். இன்னைக்கும் நான் என் டீச்சர்களுக்கு அதத்தான் சொல்லுதேன்."

ஆவுடை என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இசக்கியம்மாளின் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசல்வரை போய் வழியனுப்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "சார், அம்மாவுக்கு அது தெரியாதா?" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னது என்றேன். "நானும் சிரிச்சிட்டேனே சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வருடத்துக்கு ஒரு வகுப்பு. வகுப்புக்கு நாற்பது பேர். பெருக்கிப் பார்க்கவில்லை.

ஜூலை 5, சனி

தலையணை உறை மாற்றும்போது உள்ளே எறும்பு ஊர்ந்தது. உதறினேன். கல்கண்டுத் துண்டுகள், எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. வாயில் வாங்கி, நான் நகர்ந்ததும் துப்பி, உறைக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

 வேறு உறை மாற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆவுடை கட்டிலுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். தரை ஈரமாக இருந்திருக்கலாம். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நன்றாக இருந்த கை. ஆறு வாரம் மாவுக்கட்டு என்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

செண்பகா வந்துவிட்டாள். எப்படி விழுந்தாள் என்று கேட்டாள். தரை ஈரம் என்றேன். குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

ஜூலை 27, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஆவுடை பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. "மாமா... தோட்டம்... கொய்யா... நீ... அழுத." செண்பகா சிரித்தாள். ஆவுடையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்? கதவைத் திறந்தேன். நின்றுவிட்டது. குழாயை மூடினால் தண்ணீர் நிற்குமே, அதுபோல.

சாயங்காலம் செண்பகா துணி மடித்துக்கொண்டிருந்தபோது நானாகவே ஆரம்பித்தேன். உன் அம்மா என்னோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். சேலையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்க வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டாலே அம்மா ரேடியோவ அமத்திருவா. நான் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு உக்காந்திருவேன். யாரும் சொல்லித் தரல."

"நான் ஒரு நாளாவது கை நீட்டியிருக்கேனா?"

"அத எத்தன மட்டம்ப்பா சொல்லுவிய? அடிச்சிருந்தா அன்னைக்கோட போயிருக்கும். நீங்க பேசாம இருப்பிய. மாமா கல்யாணத்துல அம்மா ரெண்டு நாள் கூட இருந்துட்டு வந்தான்னு நாப்பது நாள் பேசல. எனக்கு ஏழு வயசு. காலண்டர்ல தேதி கிழிக்கிறது நான்தான், அதான் தெரியும். அம்மா தட்டு வைப்பா, நீங்க அவ பக்கம் திரும்பாமச் சாப்பிடுவிய. கடைசியில அவளே வந்து மன்னிப்பு கேட்டா. என்ன தப்புன்னு அவளுக்கும் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தியளா, இப்பவும் பேச மாட்டேங்கியள்லா" என்றாள். "ஆபீஸ்ல யாராவது பேசாம இருந்தா இன்னைக்கும் நானே போய் மன்னிப்பு கேட்டிருதேன்ப்பா."

ஜூலை 29, செவ்வாய்

செண்பகா ஊருக்குப் போனாள். கீரை வாங்கினேன். ஆயத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு கையும் வழங்காததால் நான்தான் ஊட்டுகிறேன். மத்தியானம் ரசஞ்சாதம். ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறக்கிறாள், விழுங்குகிறாள், மறுபடி திறக்கிறாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காரம் போலிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஊட்டினேன். தட்டு முழுக்க.

மூன்று மணிக்கு கிரேஸ்லின் வந்து வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. நாக்கிலும் அண்ணத்திலும் கொப்புளம். சாதம் அவ்வளவு சூடாக இருந்திருக்கிறது. அவள் தலையை ஆட்டியிருக்கலாம். முகத்தைத் திருப்பியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை.

நான் நீட்டினால் மறுக்கக் கூடாது என்பது மட்டும் அந்த மூளையில் அடிபடாமல் இருக்கிறது.

ஜூலை 22 அன்று எழுதியது பொய். தரை ஈரமாக இல்லை. காலையில் பயிற்சி என்று நான்கு தடவை தட்டினேன். இசக்கியம்மாள் வந்துபோன நாளிலிருந்து ஆவுடை சொல்வதைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அன்று சொல்லவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. டம்ளரை ஓங்கி வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு எழுந்து நடக்கப் பார்த்தாள். வலது கால் மடங்கியது. விழும்போதும் "இந்தா வந்துட்டேன்" என்றுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கிரேஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் கொடுத்தேன். நல்ல பிரதி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நின்றுகொண்டே முழுதும் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மொத வாரத்துலயே எனக்குத் தெரியும் சார்" என்றாள். "முடிஞ்ச மட்டும் நீங்க வெளிய போயிருக்கிற நேரமாப் பாத்துத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்லணும் சார். பழக்கினத எப்படி அழிக்கிறதுன்னு பாடம் நடத்தினவங்க நீங்கதானே?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மணி அடித்த பிறகு உணவு வராமலே இருந்தால், நாய்க்கு எச்சில் ஊறுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும். மறைதல் என்று கரும்பலகையில் எழுதுவேன். கால் பக்கப் பாடம். ஆனால் மேஜையில் டம்ளர் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதால் மட்டும் இது நடக்காது. அவள் அஞ்சுவது என்னைத்தான். நான் வருவேன், ஆனால் எதுவும் கேட்க மாட்டேன், எதற்கும் முகம் மாற மாட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு எத்தனை ஆயிரம் தடவை வேண்டும்?

இப்போதெல்லாம் உள்ளே போகும்முன் வாசலில் நின்று, "வரலாமா ஆவுடை?" என்று கேட்கிறேன். பதில் வராது. கொஞ்சம் பொறுத்து உள்ளே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, வெறுமனே ஏதாவது பேசுகிறேன். முருங்கை பூத்திருக்கிறது, கேஸ் சிலிண்டர் வந்தது, இப்படி.

கல்யாணமான புதிதில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். பஸ்ஸில் பார்த்த சண்டை, அடுத்த வீட்டுப் பசு, கனவு, எல்லாம். மாலையில் நான் வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கும். ஒரு தடவைகூட நிறுத்தச் சொன்னதில்லை. நிமிர மாட்டேன், ஊம் கொட்ட மாட்டேன். கவனிக்கப்படாத நடத்தை தானாகக் குறையும் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் குறைந்தது. ஒரு வருடத்தில் நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது என்று சகாக்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

மே மாதத்தில் ரத்தக் குழாய் அடைத்து அவளுக்குப் பேச்சு போயிற்று என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை மெலிந்து வெளுத்திருக்கிறது. பத்து நாளாக நான் உள்ளே போகும்போது ஆவுடையின் தோள் இறுகுவதில்லை என்று கிரேஸ்லின் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாடி வீட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். "இந்தா வந்துட்டேன்" என்று ஆவுடை எழப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடித்தேன். என் கைக்குள் அவள் உடம்பு நடுங்கியது. பிடித்தது என் கை என்று தெரிந்ததும் இன்னும் நடுங்கியது.

மறைந்த துலங்கல் ஓய்வுக்குப் பிறகு தானாகத் திரும்பி வரும். இதையும் நடத்தியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி.

செப்டம்பர் 20, சனி

புட்டு அவித்திருந்தேன். மூன்றாவது முயற்சியில் உதிரியாக வந்தது. பழம் பிசைந்து எடுத்துப்போய், "சாப்பிடுதியா?" என்று கேட்டேன். ஆவுடை தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"வே... வேண்டாம்."

தட்டை அப்படியே கட்டிலோர ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். காலையிலிருந்து மாவு நனைத்து அவித்தவனிடம் வேண்டாமாம். இரண்டு பக்கம் படித்திருப்பேன். அப்புறம்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

திரும்பிப் போனேன். அவள் ஸ்பூனை இடது கையில் பிடித்திருந்தாள். புட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், விருப்பமில்லாமல், அவசர அவசரமாக. துணியெல்லாம் சிந்தியிருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம் ஆவுடை. வச்சிரு. நான் கோவமாப் போனது தப்பு" என்றேன். நாற்பத்தொரு வருடத்தில் இந்தச் சொல்லை அவளிடம் முதல்முறை சொல்கிறேன். ஸ்பூனைப் பிடித்திருந்த விரல்களை நான் பிரிக்கவில்லை. காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளே கீழே வைத்தாள்.

"தோசை" என்றாள்.

மாவு இல்லை. கடைக்குப் போய் வாங்கி வந்து ஊற்றினேன். வட்டமாக வரவில்லை. இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதுக்கு மறுபடியும் "வேண்டாம்" என்றாள். இந்தத் தடவை திக்கவில்லை.

செண்பகாவுக்கு போனில் சொன்னேன். அழுதாள். இன்று நோட்டில் என் பெயருக்கு நேரே இரண்டு சொற்கள்.

அக்டோபர் 4, சனி

செண்பகாவும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். மதுரையில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பேச்சுப் பயிற்சியும் கால் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கிற இடம் இருக்கிறதாம். அம்மாவைக் கூட்டிப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அம்மாவிடம் கேள் என்றேன்.

உள்ளுக்குள் எனக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டு வாரமாக என்னிடம் தினம் எட்டு, பத்துச் சொல் பேசுகிறாள். நேற்று முருங்கைக்காய் வேண்டும் என்று கேட்டாள். இங்கேயே இருக்கிறேன் என்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் அறை வாசலில் நின்றேன்.

"அம்மா, எங்கூட மதுரைக்கு வாரியா? அப்பாகூட இங்கயே இருக்கியா? ஒனக்கு எது இஷ்டமோ அத சொல்லு" என்று செண்பகா கேட்டாள்.

ஆவுடை மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"போறேன்" என்றாள். என் கண்ணைப் பார்த்தபடியே இன்னொரு தடவை சொன்னாள். "போறேன்."

சரி என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவளுடைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கிரேஸ்லின் கடைசியாக வந்துபோனாள். நோட்டைக் கடைசியாக ஒரு தடவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க கெட்டிக்காரர் சார், ரெண்டு மாசத்துல ஒருத்தர் இவ்வளவு மாறி நான் பாத்ததில்ல" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள். நாற்பத்தொரு வருடத்துக்கு எதிரே இரண்டு மாதம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று கிளம்பினார்கள். சேலைகள், மருந்து, வாக்கர் எல்லாவற்றையும் நேற்றே கட்டி வைத்திருந்தேன். ஆவுடை வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வாசல்வரை வந்தாள். இருபத்திரண்டு அடி. நான் பின்னால், தொடாமல் வந்தேன்.

மாப்பிள்ளை காரின் முன் கதவைத் திறந்து உட்கார வைத்தார். செண்பகா என்னிடம், "ஞாயிறு ஞாயிறு வாங்கப்பா. அம்மா சரின்னு சொல்லிட்டா. நான் கேட்டுட்டேன்" என்றாள். தலையாட்டினேன்.

காரின் ஜன்னலருகே குனிந்தேன். சொல்ல வேண்டியது என்று பத்து நாளாக மனதில் எழுதி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "ஒன்னை ரொம்பப் பேசவிடாம வச்சிட்டேன் ஆவுடை" என்று மட்டும் வந்தது.

அவள் பதில் சொல்ல முயன்றாள். உதடு கூடி வரவில்லை. காத்திருந்தேன். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். கடைசியில், "நேரத்துக்கு... சாப்பிடுங்க" என்றாள்.

கார் திரும்பி மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றேன். நான் வேலைக்குப் போகும்போதும் ஊருக்குப் போகும்போதும் காலமெல்லாம் என்னிடம் சொல்லி வந்த சொல்தான் அது. தானாக வந்து விழுந்ததா, எனக்காகத் தேடி எடுத்துச் சொன்னாளா? நாற்பத்தொரு வருடம் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். கற்றலைப் பற்றி முப்பத்து மூன்று வருடம் பேசியவனுக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மணி பன்னிரண்டரை. உள்ளே வந்து ஒரு ஆழாக்கு அரிசி களைந்து வைத்தேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டேன்.